அம்மாவின் முதலாண்டு நினைவு: கோயிலில் என்ன பேசுவது, நினைவுமலரில் என்ன எழுதுவது?

இளையமகள்:

இயேசுவுக்கே புகழ்!

அடுத்த மாதம் அம்மாவின் முதலாண்டு நினைவு வருகிறது. முந்தைய நாள் மாலை வீட்டில் செபமாலை, மறுநாள் காலை கோயிலில் திருப்பலி. அம்மாவைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கையில் இருக்கட்டும் என்று சின்னதாக ஒரு நினைவுமலரும் போட நினைக்கிறோம்.

எழுத உட்கார்ந்தால் "பக்தி மிகுந்தவர், அன்பானவர், பொறுமைசாலி" என்பதற்கு மேல் நகரவில்லை. எழுதியதைப் படித்தால் அது யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். திருப்பலியில் எந்த இடத்தில் பேசலாம், எவ்வளவு நேரம்? வாசகங்களை நாங்களே தேர்ந்தெடுக்கலாமா? நீதிமொழிகள் 31 வேண்டும் என்று அக்கா கேட்கிறார். மலருக்கு விவரங்களை எங்கிருந்து திரட்டுவது? அம்மாவின் செபப்புத்தகம், செபமாலைகள், ஒரு பெட்டி நிறையப் படங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீடப்பணி:

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நினைவுநாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அன்று ஞாயிறு திருப்பலிதான். வாசகங்களையும் மன்றாட்டுகளையும் மாற்ற முடியாது. அம்மாவின் பெயரைத் திருப்பலிக் கருத்தாக (யாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று) மட்டும் சொல்வார்கள். பெருவிழாக்களுக்கும் இதே நிலைதான். திருநீற்றுப் புதன், புனித வார நாள்கள் ஆகியவற்றிலும் இறந்தோருக்கான நினைவுத் திருப்பலி கிடையாது. மற்றபடி முதலாண்டு நினைவுக்குத் திருச்சபை தாராளமாகவே இடம் தருகிறது. கிறிஸ்து பிறப்பின் எண்கிழமைக்குள்ளும் (பெருவிழாவோடு தொடங்கும் எட்டு நாள்கள்), புனிதர்களின் கட்டாய நினைவு வரும் நாள்களிலும்கூட இறந்தோருக்கான திருப்பலியை நிறைவேற்றலாம் (திருப்பலிப் புத்தகத்தின் முன்னுரை விதிகளில் 381ஆம் எண்). ஆகவே தேதி ஞாயிறு என்றால் முந்தைய சனிக்கிழமைக் காலையையோ திங்களையோ கேளுங்கள். சனிக்கிழமை மாலை வேண்டாம், அது ஞாயிற்றுக்குரிய திருப்பலி ஆகிவிடும்.

வாசகங்களை நீங்கள் பரிந்துரைக்கலாம், ஆனால் இறந்தோருக்கான வாசகத் தொகுப்பில் உள்ளவற்றிலிருந்துதான். நீதிமொழிகள் 31 அதில் இல்லை. அம்மாக்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் பகுதி என்பதால் சில குருக்கள் விட்டுக்கொடுப்பார்கள், சிலர் மாட்டார்கள். இதற்காக வாதாட வேண்டாம். அதை வீட்டில் நடக்கும் மாலை செபத்தில் வாசியுங்கள், அங்கே தடையே இல்லை. தொகுப்பில் உள்ளவற்றில் சாலமோனின் ஞானம் 3:1-9, எசாயா 25, புலம்பல் 3:17-26, உரோமையர் 8:31 முதல் வரும் பகுதி, யோவான் 11, யோவான் 14:1-6 ஆகியவை பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். பாஸ்கா காலத்தில் (உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் வாரங்களில்) நினைவு வந்தால் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது. திருத்தூதர் பணிகள் அல்லது திருவெளிப்பாட்டிலிருந்து எடுக்க வேண்டும். கவிதை, கடிதம், வேறு நூலின் பகுதி எதையும் இறைவாசகத்துக்குப் பதிலாக வைக்க முடியாது.

அடக்கத் திருப்பலி பற்றி 382ஆம் எண் தெளிவாகவே பேசுகிறது: சுருக்கமான மறையுரை இருக்க வேண்டும், புகழுரை கூடாது. நினைவுத் திருப்பலிக்கும் குருக்கள் இதையே பின்பற்றுவார்கள். குடும்பத்தார் பேசும் இடம் திருவிருந்துக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்ததும், இறுதி ஆசிக்கு முன். ஒருவர் மட்டும், மூன்று நான்கு நிமிடம். சில மறைமாவட்டங்களில் இதற்கும் அனுமதி இல்லை. பங்குத்தந்தையிடம் இரண்டு வாரம் முன்பே கேட்டு, எழுதியதையும் காட்டிவிடுங்கள். தாராளமாகப் பேச உரிய இடம் முந்தைய நாள் மாலைதான். பேரப்பிள்ளைகள் நான்கு பேர் பேச ஆசைப்பட்டால் அங்கே பேசட்டும்.

விசுவாசிகளின் மன்றாட்டை எழுதும்போது பலரும் தடுமாறுவார்கள். அது இறைவனை நோக்கிச் சபை கேட்பது, "எங்கள் அம்மா நாற்பது ஆண்டுகள் எங்களை வளர்த்து ஆளாக்கி..." என்று வரலாறு சொல்ல ஆரம்பித்தால் மக்கள் எங்கே பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள். நான்கைந்து மன்றாட்டு, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம்: திருச்சபைக்காக, உலகுக்காக, நோயாளிகளுக்காக, அம்மாவுக்காக, நம் கல்லறைகளில் துயில்வோருக்காக. அம்மா வழக்கமாக யாருக்காகச் செபித்தாரோ அவர்களை அதில் சேர்த்தால் அதுவே அவரை நினைவுகூர்வது.

இன்னொன்று. நற்கருணை மன்றாட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லும் இடம் உண்டு. அம்மாவின் திருமுழுக்குப் பெயரையும் அழைக்கும் பெயரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பூசை தொடங்குமுன் திருப்பண்ட அறையில் (குருக்கள் திருவுடை அணியும் அறை) கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். வெளியூர்க் குரு வந்தால் பெயரே மாறிவிடும்.

அச்சுமேசை:

எழுத்துப் பகுதிக்கு நான் சொல்கிறேன். நிதானமாக, மேடையில் வாசிக்கும் வேகத்தில் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் போகும். நான்கு நிமிடம் என்றால் 350 சொற்கள், ஒன்றரைப் பக்கம். அதற்குள் ஒரு வாழ்க்கை வரலாறு அடங்காது, அடக்க முயலவும் வேண்டாம். பிறந்த ஊர், படித்த பள்ளி, திருமணம், பிள்ளைகள் வகிக்கும் பதவிகள் என்று வரிசையாகப் போகும் உரையில் அம்மா மூன்றாவது வாக்கியத்திலேயே காணாமல் போய்விடுவார். அந்த விவரங்களை மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டு, பேச்சில் அவர் செய்த இரண்டு அல்லது மூன்று செயல்களை மட்டும் எடுங்கள்.

"செபமாலை சொல்லாமல் உறங்கமாட்டார்." இது ஆயிரம் அம்மாக்களுக்குப் பொருந்தும். "செபமாலையின் மூன்றாம் பத்து மணிகளில் கண் அயர்ந்துவிடும், விரல் மட்டும் மணியை விடாது. விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார், அந்தப் பத்துமணியை முதலிலிருந்து சொல்வார்." இப்படி எழுதினால் ஒரே ஓர் ஆள்தான் கண்முன் வருவார். பக்தி என்ற சொல்லை எழுதாமலேயே பக்தி தெரிகிறது.

இந்தச் செயல்கள் உங்கள் நினைவில் மட்டும் இருக்காது. ஆறேழு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்ற பதில்தான் வரும். மூவேளை செபத்துக்கு மணி அடித்தால் கையிலிருந்த வேலையை என்ன செய்வார்? கோயிலில் எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை? பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போடும்போது வாய்க்குள் என்ன சொல்வார்? பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த அன்று வீட்டில் எப்படி இருப்பார்? காணாமல் போன பொருளுக்கு அந்தோனியாரிடம் எப்படிக் கேட்பார்? யாருக்காகச் செபிப்பதாகச் சொல்லிக் கடைசிவரை நிறுத்தவே இல்லை? இப்படிக் கேட்டால் சொல்கிறவர்களே வியப்போடு சொல்வார்கள்.

பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கேளுங்கள், மகன் மகள் பார்க்காத அம்மா அவர்களிடம் இருக்கிறார். செபங்களை யார் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, தப்பாகச் சொன்னால் எப்படித் திருத்தினார், புதுநன்மைக்கு (முதல் நற்கருணை வாங்கிய நாளுக்கு) என்ன கொடுத்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும் பிறகு தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததாகச் சொல்கிறார் (2 திமொத்தேயு 1:5). மலரின் முதல் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியாது.

அம்மா மரியாயின் சேனையில் (பங்கில் இயங்கும் பொதுநிலையினர் பக்திச் சபை) இருந்தாரா? இருந்திருந்தால் "சேனையில் உறுப்பினராக இருந்தார்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். அவர்கள் இருவர் இருவராகத்தான் வீடு சந்திக்கப் போவார்கள். அம்மாவோடு போனவரைத் தேடிப்பிடியுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத வீடுகள், நோயாளிகள், சமாதானம் செய்துவைத்த சண்டைகள் எல்லாம் அவரிடம் இருக்கும். இப்போதும் துன்பத்தில் இருக்கும் குடும்பங்களின் பெயரை மட்டும் அச்சில் போடாதீர்கள்.

குறையே இல்லாத அம்மாவை எழுதவும் வேண்டாம். புனித அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது மோனிக்கா பீப்பாயிலிருந்து திராட்சை மது எடுத்துவரப் போய், ஒரு வாய் ஒரு வாயாகக் குடித்துப் பழகியதையும், பணிப்பெண் ஒருத்தி குடிகாரி என்று இடித்துரைத்த பின் விட்டுவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. 387இல் ஓஸ்தியாவில் இறக்கும் தறுவாயில் மோனிக்கா கேட்டது ஒன்றே ஒன்று: உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள். புகழ்ந்து முடித்த அதே இடத்தில் அகுஸ்தீன் அம்மாவின் பாவங்களை மன்னிக்கும்படி கடவுளிடம் கெஞ்சுகிறார். கத்தோலிக்கர் தாயை நினைக்கும் முறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. "அம்மா இப்போது விண்ணகத்தில் புனிதையாக இருக்கிறார்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டால், அவருக்காகச் செபிக்க வந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது.

தேதிகளுக்குப் பங்குப் பதிவேட்டைக் கேளுங்கள். திருமுழுக்குப் பதிவில் பிறந்த நாள், திருமுழுக்கு நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் அதன் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (535). ஆகவே திருமுழுக்கு பெற்ற பங்கில், ஓரக்குறிப்புகளோடு சேர்த்து ஒரு நகல் கேட்டால் பெரும்பாலும் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோடு அது முரண்பட்டால் பதிவேட்டை நம்புங்கள், குழந்தை பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ எழுதியது அது.

அச்சு வேலைக்கு வருவோம். நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 8, 12, 16. பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுபோனால் இரண்டு பக்கம் வெற்றாக நிற்கும். உள்தாள் பளபளப்பில்லாததாக இருக்கட்டும், முதியவர்கள் விளக்கு வெளிச்சத்தில் படிப்பார்கள். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். பெரிய ஆபத்து எழுத்துருவில் இருக்கிறது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தார் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஔ", "ஸ்ரீ" போன்றவை உடையும். மாற்றிய பிறகு வரும் பிடிஎஃப் படியைத்தான் பிழை பார்க்க வேண்டும், முன்பு நீங்கள் அனுப்பியதை அல்ல. பெயர்களையும் தேதிகளையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் பதிவேட்டு நகலோடு ஒப்பிடட்டும்.

பழையதாள்:

செபப்புத்தகத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் பொருள்களிலேயே அதிகம் பேசப்போவது அதுதான். தயவுசெய்து அதைத் "துப்புரவு" செய்யாதீர்கள்.

ஒரு பாட்டியின் செபப்புத்தகத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? குருப்பட்ட அட்டை, இறந்தவர்களின் நினைவுப் படம், நவநாள் துண்டுத்தாள், பேரன் பேத்தி எழுதிய சீட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பெயர்கள். அவை எந்தப் பக்கத்தில் செருகப்பட்டிருக்கின்றன என்பதும் ஒரு செய்தி. நோயாளிக்கான செபத்தின் பக்கத்தில் ஒரு பிள்ளையின் படம் இருந்தால், அந்தப் பிள்ளைக்காக எந்தச் செபத்தைச் சொன்னார் என்று தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் உருவி எடுத்து அடுக்கிவிட்டால் அந்தத் தொடர்பு போயே போய்விடும்.

முதல் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டே போங்கள். ஏதாவது செருகியிருக்கும் இடத்தில் நிறுத்தி, பக்க எண் தெரியும்படி அப்படியே ஒரு படம். பிறகு அட்டையைத் தூக்கி முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். பிறகு அதே இடத்தில் திரும்ப வையுங்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்கேனரில் அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். பாதி திறந்த நிலையில் இரண்டு பக்கமும் துணிச்சுருள் கொடுத்து, மேலிருந்து கைப்பேசியில் எடுத்தாலே போதும். மங்கிய பென்சில் எழுத்துக்கு நேர் வெளிச்சம் உதவாது. ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், அழுத்திய கோடுகள் நிழலாகத் தெரியும். விரலால் தேய்ந்து விளிம்பு கறுத்த பக்கங்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்மா தினமும் திறந்தது அவற்றைத்தான். அந்தச் செபத்தை மலரில் முழுதாகப் போடலாம்.

துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் பழைய மை கரையும், பிறகு பிரிக்கவே முடியாது. அச்சுக்கான பழைய புகைப்படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்; அச்சில் விழும் அளவில் 300க்குக் குறையக் கூடாது. வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள், அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது.

அம்மாவின் குரல் யாருடைய கைப்பேசியிலாவது குரல்பதிவாக இருக்கும். இன்றே வெளியே எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள், கைப்பேசி மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான். திருப்பலியில் ஒலிக்கவிட வேண்டாம். முந்தைய மாலை செபமாலையில் ஒரு பத்துமணியை அம்மாவின் குரலோடு சேர்ந்து சொல்லலாம். அதற்கு முன் வீட்டிலுள்ளவர்கள் ஒருமுறை தனியாகக் கேட்டுவிடுவது நல்லது.

இளையமகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. செபப்புத்தகத்தை இன்னும் தொடவில்லை, நல்லவேளை. இன்னும் மூன்று சந்தேகம். அம்மா தினமும் வைத்திருந்த செபமாலை ஒன்றுதான், பேரப்பிள்ளைகள் ஏழு பேர். மணிகளைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. இரண்டாவது, என் தம்பி கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். உரையில் அதைத் தொடலாமா? மூன்றாவது, கிரகோரியார் திருப்பலி என்று சித்தி சொல்கிறார். இந்த ஒரு திருப்பலியோடு அதைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

பீடப்பணி:

மணிகளைப் பிரிக்காதீர்கள். 59 மணியும் சிலுவையும் சேர்ந்ததுதான் மந்திரித்த செபமாலை. மந்திரித்த பொருளை விற்றாலோ அது முற்றிலும் சிதைந்தாலோ அதோடு இணைந்த பலன் (பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் திருச்சபையின் சலுகை) நின்றுபோகும்; ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதால் நிற்காது. ஆகவே முழுதாக ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது ஆண்டுக்கு ஒருவர் வீட்டில் என்று சுற்றில் விடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அம்மாவின் மீதிச் செபமாலைகள், சுரூபங்கள், படங்கள் உண்டே. கம்பி அறுந்திருந்தால் கோத்துக்கொடுப்பவரிடம் சீர்படுத்துங்கள், ஒன்றிரண்டு மணி மாறினால் பாதகமில்லை. தேறவே தேறாத உத்தரியம் (கழுத்தில் அணியும் மந்திரித்த துணித்துண்டு), உடைந்த சுரூபம் போன்றவற்றைக் குப்பையில் போடக் கூடாது. எரிக்கலாம் அல்லது மண்ணில் புதைக்கலாம்.

கிரகோரியார் திருப்பலி தனி. அது இறந்த ஒருவருக்காக மட்டும், 30 நாள் இடைவிடாமல், நாளுக்கு ஒன்றாக ஒப்புக்கொடுப்பது. ஒரே குருவோ ஒரே கோயிலோ தேவையில்லை, நாள் மட்டும் விடுபடக் கூடாது. தினமும் வெவ்வேறு கருத்துகள் வரும் பங்கில் முப்பது நாளையும் ஒரே கருத்துக்கு ஒதுக்குவது கடினம். அதனால்தான் பல குடும்பங்கள் துறவற மடங்களிடம் ஒப்படைக்கின்றன. நினைவுநாள் திருப்பலி அந்த முப்பதில் ஒன்றாக வர வேண்டுமானால், ஏற்கும் குருவிடம் தொடக்கத்திலேயே தேதியைச் சொல்லுங்கள்.

நவம்பரையும் மறக்க வேண்டாம். 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால் பரிபூரண பலனை (அந்தத் தண்டனையை முழுதும் நீக்கும் பலன்) அம்மாவுக்காக ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குதல், திருத்தந்தையின் கருத்துக்காகச் செபித்தல், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாமல் இருத்தல் ஆகியவை நிபந்தனைகள். நாளுக்கு ஒரு பலன்தான்.

அச்சுமேசை:

தம்பியைப் பற்றி: கோயிலில் தொட வேண்டாம். அத்தனை பேர் முன்னால் அம்மாவின் வருத்தத்தைச் சொன்னால் அவர் காதில் அது அம்மாவின் குரலாக விழாது, உங்கள் குற்றச்சாட்டாகத்தான் விழும். வாசகம் வாசிக்கச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். வீட்டில் நடக்கும் மாலை செபத்தில் அம்மாவின் படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றுவது, மலருக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பது, பதிவேட்டு நகல் வாங்கிவருவது போன்ற வேலை ஒன்றைக் கொடுங்கள். செபப்புத்தகத்தைப் படம் எடுக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அவரே பார்க்கட்டும்.

உரையை எழுதி முடித்ததும் இரண்டு படி எடுத்து, ஒன்றை உங்களுக்குப் பின்னால் உட்காருபவரிடம் கொடுத்து வையுங்கள். குரல் அடைத்துவிட்டால் எந்த வரியில் நிறுத்தினீர்களோ அங்கிருந்து அவர் வாசிப்பார். யாரென்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளில் மூத்தவர் ஏற்றவர்.